லாம்டாவுக்குத் தமிழ்: 'காற்றுமடங்கு'

நண்பர்களுக்கு வணக்கம்.

டைனோவில் (வண்டியை நிறுத்தி ஓட்டி இழுவையை அளக்கும் உருளை மேடையில்) வண்டியை ஏற்றி டியூன் செய்யும்போது, காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்திருக்கிறதா என்று சைலன்சர் வாயுவில் பார்க்கும் எண்தான் லாம்டா. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் 'புகை அளவு', 'கலவைச் செறிவு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. புகை என்பது டீசல் வண்டிச் சோதனைக்கு உரிய சொல். ஒழுங்காக ஓடும் பெட்ரோல் இன்ஜினில், சூடேறிய பிறகு, கண்ணுக்குப் புகையே தெரியாது. 'செறிவு' இன்னும் சிக்கல். பெட்ரோல் கூடக் கூட லாம்டா எண் இறங்கும். 'செறிவு குறைந்தது, அதனால் கலவை செறிவானது' என்று எழுதிப் பாருங்கள், புதிதாகத் தொழில் படிக்கிற பையன் குழம்பிப்போவான்.

பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு உள்ளே போனது என்பதுதான் லாம்டா. சரியாகப் போனால் 1. அதனால் 'காற்றுமடங்கு' என்கிறேன். முழு த்ராட்டிலில் நல்ல இழுவைக்கு 0.87 பக்கம் வைப்பார்கள், அதாவது காற்று கொஞ்சம் பற்றாக்குறை.

'காற்று எரிபொருள் விகிதம்' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. முழுதாக எரிய, வெறும் பெட்ரோலுக்கு அந்த விகிதம் எடையில் 14.7. இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. மீட்டர் இதை அறியாது. காற்றுமடங்கைக் கண்டுபிடித்து, 14.7-ஆல் பெருக்கிக் காட்டிவிடும். எந்த எரிபொருளை ஊற்றினாலும் மாறாமல் நிற்பது அந்த 1 மட்டுமே.

அப்புறம் லாம்டாவை அளக்கும் சென்சாரின் பெயர். 'எரிபொருள் உணரி' வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒரு பைக் குறைந்த ஆர்பிஎம்மில் 1.10 காட்டியது. பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனோம், எண் ஒன்றுக்குக் கீழே வரவில்லை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடந்தது, அதாவது பெட்ரோல் உண்மையில் கூடுதலாகவே போயிருந்தது. இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பின் கேஸ்கெட் விட்டிருந்தது. அந்த இடுக்கில் புகுந்த வெளிக்காற்றையும் சென்சார் எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே போகும் பெட்ரோலை அது அளப்பதே இல்லை, வெளியே வரும் வாயுவில் ஆக்ஸிஜன் மிஞ்சியதா, பற்றாமல் போனதா என்பதைத்தான் பார்க்கிறது. 'மிச்ச ஆக்ஸிஜன் உணரி' என்றால் அந்தப் பையன் முதலில் கேஸ்கெட்டைத் தொட்டுப் பார்ப்பான்.

மடங்கு ஒன்றுக்குக் கீழே வரலாமா என்று யாராவது கேட்பீர்கள். 'அரை மடங்கு' என்று பேச்சிலேயே இருக்கிறதே, வரலாம். ரிச் (பெட்ரோல் கூடிய கலவை), லீன் (பெட்ரோல் குறைந்த கலவை) இரண்டுக்கும் 'காற்றுக்குறை', 'காற்றுமிகை' பொருந்துமா? பட்டறையில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.