மறு: மறு: உரக்குழி நிதி, ரெண்டாம் தவணை

எல்லாருக்கும் வணக்கம். குழிக்கு கூரை போடணும்னு சித்தப்பா மறுபடி பணம் கேட்டு எழுதிருக்காரு, தரமாட்டேன்னு சொல்லல, ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போன என் தங்கச்சி அனுப்புன போட்டோவ முதல்ல பாருங்க. காபிப் பழத்தோல் பூரா ஓடைக்கரையில கொட்டிக் கிடக்கு, தோல் உரிக்கிற பல்பர் மிஷின கழுவுற தண்ணியும் நேரா ஓடைக்குத்தான் போகுது, தாண்டிக்குடி ரோட்டுல ஜீப்ப விட்டு எறங்குனாலே புளிச்ச நாத்தமாம். 100 கிலோ பழம் அரைச்சா 40 கிலோ கிட்ட தோலுதான். அத சாணியோட, கல்யாணமுருங்கைத் தழையோட அடுக்கி அப்பப்ப புரட்டி விட்டா அடுத்த மழைக்குள்ள மக்கிரும், காபிக்கும் வாழைக்கும் அவங்கவங்க பங்க எடுத்துக்கலாம், இதுக்குத்தான காசு போட்டோம். இப்ப என்னடான்னா குழி பெரியப்பா நிலத்துல இருக்குன்னு ஓடைப்பக்கத்து ஆளுங்க ஒரு கூடை தோல்கூட கொண்டு போறதில்லயாம். அந்தக் கெணத்து விவகாரம் இன்னுமா முடியல? கூரை போட்டா அதெல்லாம் சரியாயிருமா?
– ஷார்ஜாவிலிருந்து

மாப்ள சொல்றது சரி. எனக்கு கணக்கு வேணும். போன வருசம் உரத்த வெளியாளுக்கு வித்ததா கேள்வி. எத்தன மூட்டை, காசு யார் கையில? நோட்ட போட்டோ எடுத்துப் போடுங்கன்னு தீபாவளிலருந்து கேக்குறேன், பதிலுக்கு முருகன் படந்தான் வருது.
– சிங்கப்பூர் மாமா

நோட்டு என் மேசையிலதான் இருக்கு, வந்து பாக்கட்டும். வித்த காசு ஜேசிபிக்காரனுக்குப் போச்சு, உங்க மச்சினனுக்கே தெரியும். கூரை எதுக்குன்னு கேட்டவங்களுக்கு: நம்ம பக்கம் பழம் பறிப்பும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஒண்ணாத்தான் வருது. தெறந்த குழி நனைஞ்சா சத்து பூரா வடிஞ்சு அதே ஓடைக்குத்தான் போகும், தார்ப்பாய் காத்துக்கு நிக்கல. இன்னொண்ணு, முடிக்கொத்து நோய் விழுந்த வாழைய யாரோ கெழங்கோட கொண்டாந்து குழியில போட்டிருக்காங்க, அது அங்கயே துளுக்குது, அந்த நோயப் பரப்புற அசுவினிப் பூச்சி ஏறுனா இருக்குற நாலு மலைவாழையும் போச்சு. எங்கப்பா காலத்துல கமலா ஆரஞ்சும் மலைவாழையும் கூடை கூடையா எறக்குன ஊருய்யா இது. ஓடைப்பக்கத்து ஆளுங்கள நான் போய் கெஞ்ச முடியாது, ஷார்ஜாக்காரர் அவரு மாமனார்கிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும். மாமா பங்குப் பணம் முதல் தவணையே இன்னும் பாக்கி, அதுவும் அந்த நோட்டுலதான் இருக்கு.
– சித்தப்பா, ஊரிலிருந்து