படகு இழுக்க டூ வீல் டிரைவ் யூட் போதுமா, ஃபோர் வீல் வேண்டுமா?

கிரான்போர்ன்வாசி:
வணக்கம். மெல்பர்னில் கிரான்போர்ன் பக்கம் இருக்கிறேன். 5.2 மீட்டர் அலுமினியப் படகு ஒன்று பழையதாக வாங்கினேன். ட்ரெய்லர், எஞ்சின், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்து எடைமேடையில் 1,280 கிலோ. என் சின்னக் கார் இதற்குத் தாங்காது. ஃபோர்டு ரேஞ்சர் யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப் வண்டி) பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 4x2 ஹை-ரைடர் மாடலுக்கும் இழுக்கும் திறன் 3,500 கிலோ என்கிறார்கள், நாலு சக்கரமும் இழுக்கும் 4x4-க்கும் அதே 3,500தான். அப்புறம் எதற்குப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? காட்டுப்பாதை ஓட்டும் ஆசையெல்லாம் எனக்கில்லை. வாரநாளில் வேலைக்குப் போக, சனிக்கிழமை ஹேஸ்டிங்ஸிலோ வார்னீட்டிலோ படகு இறக்க, அவ்வளவுதான். இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்னாப்பர் பிரியன்:
என்னிடம் இருப்பது 4x2 இசுசு டி-மேக்ஸ் யூட். பேட்டர்சன் ரிவர் ராம்பில்தான் (படகு இறக்கும் கான்கிரீட் சரிவு) எப்போதும் இறக்குவேன், இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. மிச்சமாகும் காசில் நல்ல சவுண்டர் (ஆழமும் மீனும் காட்டும் கருவி) வாங்கி மாட்டுங்கள்.

பழைய பட்டறைக்காரன்:
மேலே தம்பி சொன்னது அவருக்குச் சரி. அவர் இறக்குவது போர்ட் ஃபிலிப் விரிகுடா பக்கம்; அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. நீங்கள் சொல்வது வெஸ்டர்ன் போர்ட் விரிகுடா. அங்கே மூன்று மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். கடல் வற்றியிருக்கும்போது போனால், பெருக்கில் தண்ணீருக்கடியில் கிடந்த ராம்ப் எல்லாம் பாசியும் சேறுமாக வெளியே தெரியும். உங்கள் பின் டயர் நிற்கப்போவது அதன்மேல்தான்.

3,500 கிலோ என்பது ரோட்டுக் கணக்கு. உங்கள் 1,280 கிலோவை எந்த ரேஞ்சரும் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். 4x2 கொஞ்சம் எடை குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். ரோடு மட்டும்தான் விஷயம் என்றால் நானே 4x2 வாங்கச் சொல்வேன்.

ராம்பில் ஏறும்போது பாரம் பின்பக்கம் சாயும், ட்ரெய்லரின் மூக்கு எடையும் பின் அச்சில்தான் உட்காரும். அதனால் காய்ந்த கான்கிரீட்டில் பின்சக்கர வண்டி நன்றாகவே ஏறிவிடும். திண்டாடுவது முன்சக்கர டிரைவ் கார்கள்தான். பின் டயருக்கடியில் பாசி வந்துவிட்டால்தான் வம்பு. நல்ல பிடிப்பில் நிற்கும் முன் டயர் இரண்டும் சும்மா இருக்க, பின்னால் இரண்டும் வழவழப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இழுப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குக் கவலை வண்டி நிற்பதைப் பற்றி. 4x2-வில் கியரை P-யில் (பார்க்) போட்டாலும் ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் பிடிபடுவது பின் சக்கரங்கள் மட்டுமே. முன் சக்கரத்தைப் பிடிப்பது உங்கள் கால் பிரேக். காலை எடுத்தால் அதுவும் போச்சு. ஹேஸ்டிங்ஸில் ஒரு விடியற்காலை என் முன்னால் நடந்தது இது: ஒருவர் P போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, படகைப் பிடித்திருக்கும் வின்ச் கொக்கியைக் கழற்ற இறங்கினார். பின் டயர்கள் சுழலவே இல்லை, பூட்டினது பூட்டினபடியே வழுக்கின. முன் டயர்கள் மெதுவாக உருண்டன. புகைக்குழாய் தண்ணீருக்குள் போய்க் குமிழி விட ஆரம்பித்த பிறகுதான், கான்கிரீட்டில் வெட்டியிருந்த பள்ளத்தில் டயர் மாட்டி வண்டி நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

4x4-இல் 4H (நாலு சக்கர இழுப்பு, வேகக் கியர்) போட்டு நிறுத்தினால் முன், பின் தண்டு இரண்டும் பிணைந்திருக்கும். P பிடிக்கும்போது முன் சக்கரமும் சேர்ந்து பிடிபடும். நான் பணம் கொடுப்பது இதற்குத்தான்.

ரிவர்ஸில் இறங்கத் தொடங்கும் முன்பே 4H போட்டுவிடுங்கள். மேலே காய்ந்த தாருக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பும்போது வண்டி முறுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். மிட்சுபிஷி ட்ரைட்டனில் சூப்பர் செலக்ட் உள்ள மாடல் என்றால் தார் ரோட்டிலும் 4H ஓட்டலாம், அது வேறு ஏற்பாடு.

4x2-தான் வாங்குவேன் என்றால் பின் டிஃப் (டிஃபரன்ஷியல்) லாக், அதாவது பின் சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுற்றவைக்கும் பூட்டு, உள்ளதாகப் பாருங்கள். கடல் பெருகியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். முன் சக்கரத்துக்குக் கயிறு கட்டிய முட்டுக்கட்டை இரண்டு. கூட ஒருவர் வந்து, பிரேக்கில் கால் வைத்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தால் பாதிக் கவலை விட்டது.

கிரான்போர்ன்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. P விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. விற்பனையாளரும் வாய் திறக்கவில்லை. கூட ஆள் என்பதுதான் சிக்கல். மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். புது 4x4-க்குக் கை எட்டாது. நாலைந்து வருஷம் ஓடிய 4x4 ஒன்று கிடைத்தால்?

பழைய பட்டறைக்காரன்:
தாராளமாக. ஆனால் படகு இழுத்த வண்டி என்றால் கீழே படுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பிரேக் குழாய், ட்ரெய்லர் மாட்டும் டோபாரின் போல்ட், இங்கெல்லாம்தான் உப்பு முதலில் தின்னும். பின் டிஃப் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அந்த வண்டி வேண்டாம். சரளைக்கல் ரோட்டுக்குக் கொண்டுபோய் 4H, 4L (அதன் மெதுவான கியர்) இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். வாங்கின நாள் முதல் அந்தக் குமிழைத் திருப்பாதவர்கள் நிறைய, அப்படியே இறுகிப்போயிருக்கும்.

இன்னொன்று, 750 கிலோ தாண்டினால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். பழைய படகு என்கிறீர்கள், அந்த பிரேக் வேலை செய்கிறதா பார்த்தீர்களா?

கிரான்போர்ன்வாசி:
இல்லை அண்ணா. நாளைக்கே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.