புதுப்பிப்பு: பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் கத்தோலிக்க அருட்சாதனத்துக்கு, தயாராவது பற்றிப் போன வாரம் எழுதியதற்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து அதிகம் வந்த கேள்வி: சொல்ல மறந்த பாவம் என்னாகும்? மற்றவற்றோடு அதுவும் மன்னிக்கப்படும். கனமானது (சாவான பாவம்) என்றால், நினைவு வந்ததும் அடுத்த தடவை சொல்லிவிடுங்கள். சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால்தான் மொத்தமும் செல்லாது.

பாவத்தின் வகை, ஏறக்குறைய எத்தனை தடவை, அவ்வளவு போதும். மாமியார் செய்ததையெல்லாம் அடுக்குவது, செட்டிநாட்டு வீட்டில் வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) வராமல் முகப்புத் திண்ணையிலேயே பேசிவிட்டுத் திரும்புகிற மாதிரி. பரிகாரமாகக் குரு சொல்லச் சொன்ன ஜெபத்தைக் கோயிலிலேயே முடியுங்கள். வீட்டுக்குப் போனால் மறந்துபோகும்.

ஒரு திருத்தம்: சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இடத்தில் விறகு நெருப்பு என்று எழுதியிருந்தேன். யோவான் நற்செய்தி 18:18இல் கரிநெருப்பு. உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் வைத்திருந்ததும் (21:9) கரிநெருப்பில்தான். மூன்று தடவை 'என்மேல் அன்பா?' என்று பேதுருவைக் கேட்டதும் அந்தக் கரையில்தான்.