ஓஎஸ் அப்கிரேடு ஆனதும் ஸ்கிரிப்டுக்கு ரூட் அனுமதி (சிஸ்டத்தில் எதையும் செய்யும் உச்ச அதிகாரம்) போன அனுபவம் உண்டா?

நள்ளிரவு கிரான்:
உபுண்டு லினக்ஸ் சர்வர், 20.04-லிருந்து 22.04. நடுவில் அந்தக் கேள்வி வருமே, சுடோயர்ஸ் ஃபைல் (யார் எதை ரூட்டாக ஓட்டலாம் என்ற பட்டியல்) மாறியிருக்கிறது, பழையதா புதியதா என்று? சும்மா என்டர் தட்டினாலே பழையது தங்கியிருக்கும். ஷிப்டில் இருந்த தம்பி 'ஒய்' தட்டிவிட்டான். சர்வர் எழுந்தது, சைட் வந்தது, எல்லோரும் கிளம்பியாச்சு. காலையில் கிரான் (பேக்கப் ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) அனுப்பிய மெயிலைத் திறந்தால், பாஸ்வேர்டு வாங்க டெர்மினல் வேண்டும் என்று, ரூட்டாக ஓட்டித் தரும் சுடோ அடம்பிடித்திருக்கிறது. ஆளில்லாத ராத்திரியில் யாரிடம் பாஸ்வேர்டு கேட்கிறது அது? பாஸ்வேர்டு கேட்காமல் ஓட்டு என்று சுடோயர்ஸில் சொல்லும் எங்கள் நோபாஸ்வேர்டு வரியே காணோம். நல்லவேளை, பழைய ஃபைல் 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலோடு பக்கத்திலேயே கிடந்தது. வரியை எடுத்து, சுடோயர்ஸைத் திருத்தும் விசுடோவில் ஒட்டினேன். அந்த ராத்திரி பேக்கப் போனது போனதுதான்.

மேக் பெஞ்ச்:
எனக்கு மேக்கில். மேக்ஓஎஸ் கேட்டலினா போட்டதும், டாக்குமெண்ட்ஸைக் காப்பி எடுக்கும் ஸ்கிரிப்ட் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றது. ஓடுவது ரூட் கிரான்டேப்பில் (ரூட்டின் கிரான் வேலைப் பட்டியல்)! ரூட்டுக்கே இல்லை என்றால் வேறு யாருக்கு? ஆபீஸில் ஃபைலை எல்லோருக்கும் திறந்துவிடும் சிஹெச்மாட் 777 வரை போய்ப் பார்த்தார்கள். பிரைவசியில் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் பட்டியலில் கிரானையே சேர்த்த பிறகுதான் அடங்கியது.

ரூட் இல்லாதவன்:
மேக் பெஞ்ச், உங்களுடையது வேறு கதை. ஃபைல் அனுமதிக்கு மேலே மேக் தனியாக வைத்திருக்கும் காவல் அது, சிஹெச்மாட் அங்கே எடுபடாது. முதல் கதைக்கு வருவோம். மெயின் சுடோயர்ஸ் ஃபைலில் எதற்குக் கை வைக்கிறீர்கள்? சுடோயர்ஸ்.டி டைரக்டரியில் தனி ஃபைலாக வையுங்கள், அப்கிரேடு அதைத் தொடாது. பெயரில் மட்டும் புள்ளி வரக் கூடாது. வந்தால் சுடோ சத்தமே போடாமல் தாண்டிப் போய்விடும். மோடு 0440 (படிக்க மட்டும் அனுமதி) வையுங்கள், அப்புறம் பிழை இருக்கிறதா என்று 'விசுடோ -சி' ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக அந்த ஸ்கிரிப்ட் யார் பெயரில் இருக்கிறது? சாதாரண யூசர் திருத்த முடிகிற ஸ்கிரிப்டுக்கு நோபாஸ்வேர்டு கொடுத்தால் ரூட்டையே தூக்கிக் கொடுத்த மாதிரி. ஸ்கிரிப்டுக்கு செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓடச் செய்வது) போடலாமே என்று யாராவது வருவார்கள். லினக்ஸ் கெர்னல் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

நள்ளிரவு கிரான்:
அண்ணே, வரி திரும்பி வந்தாச்சு என்றுதானே எழுதியிருக்கேன்! சரி, புள்ளி விஷயத்தைப் படித்துவிட்டு பக்கத்து சர்வரைப் பார்த்தேன். 'பேக்கப்.கான்ஃப்' என்று ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.