மறு: ஃபெட்டீக் – களைப்பா, அயர்வா, நைவா?

அனைவருக்கும் வணக்கம்.

தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் விரிசல் விட்டு முறிவதை ஆங்கிலத்தில் ஃபெட்டீக் (fatigue) என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்ல என்று நான் கேட்டதற்கு வந்த மடல்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பதில் எழுத இப்போதுதான் முடிந்தது. திங்கட்கிழமை வகுப்பு. பொருளறிவியல் அறிமுகப் பாடத்தில் முறிவு பற்றிய பகுதி, முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள். தகைவு (stress), திரிபு (strain) இரண்டும் பள்ளியிலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். நீடித்த சுமையில் பொருள் மெல்ல மெல்ல நீள்வதான கிரீப்புக்கு (creep) ஊர்வு என்றதும் யாரும் மறுக்கவில்லை. ஃபெட்டீக் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

> களைப்பு என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். களைத்தவன் படுத்து எழுந்தால் தேறிவிடுவான். சுமையை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி விரிசல் விட்ட எஃகுத் தண்டை ஒரு வருடம் சும்மா போட்டுவைத்தாலும் விரிசல் அப்படியேதான் இருக்கும். மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து வளரும். போன வருடம் களைப்பு என்றுதான் பாடம் எடுத்தேன். "அப்போ நடுவுல ஓய்வு கொடுத்தா ஆயுள் கூடுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை, சொல்தான் அவளை அங்கே கொண்டுபோனது.

> 475ஆம் குறளிலேயே "அச்சிறும்" என்று இருக்கிறதே! இறுதல் என்றால் முறிதல். இறுவு என்போம்.

இந்த மடலைப் படித்து மகிழ்ந்துபோனேன், ஏனென்றால் இந்தத் துறையின் கதையே அச்சில்தான் தொடங்குகிறது. 1842இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள், அதற்குப் பிறகு ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் முறிந்த அச்சுகளை ஆராய்ந்தார், அப்புறம் ஜெர்மன் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகளையே ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஆனால் குறள் சொல்வது என்ன? "சால மிகுத்துப் பெயின்". மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறது. அது மிகைச்சுமை முறிவு. நாம் பெயர் தேடுவதோ மிகுத்துப் பெய்யாமலே முறிவதற்கு. ஒவ்வொரு முறையும் தாங்கக்கூடிய சுமைதான், லட்சம் முறை தாங்கியும் இருக்கிறது, அதற்கடுத்த முறை போய்விடுகிறது. ஆக, அந்தக் குறளை இதற்கு எதிர்ச்சான்றாக வகுப்பில் காட்டப்போகிறேன், இப்படி ஒரு வழி திறந்துவிட்டதற்கு நன்றி.

அயர்வு சொன்ன ஐயாவுக்கு: அயர்தல் என்றால் கொண்டாடுதல், ஆடுதல் என்றும் பொருள் உண்டு என்று, விழா அயர்தல், வெறியயர்தல் என நீங்களே நான்கு பத்தி எழுதிவிட்டீர்கள். அதிலிருந்து உலோகத்துக்கு வர எனக்குப் பாதை தெரியவில்லை.

என் சொல் நைவு. பலமுறை துவைத்துக் காயப்போட்ட வேட்டி நைந்துபோகிறது. ஒரு துவையலும் அதைக் கிழிக்கவில்லை, எல்லாத் துவையலும் சேர்ந்து கிழித்தன. ஓய்வு கொடுத்தாலும் நைந்தது நைந்ததுதான். வினை தயாராக இருக்கிறது: நைகிறது, நைந்தது, நையும். நைவு முறிவு, நைவு ஆயுள், நைவு வரம்பு என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. நைவு வரம்பு, அதாவது எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் முறியாத சுமையின் எல்லை, எனக்கு அவசியம் வேண்டும், எஃகுக்கு அந்த வரம்பு தெளிவாக உண்டு, அலுமினியத்துக்கு அப்படி இல்லை என்பதுதான் அன்றைய பாடத்தின் மையம்.

(நைவளம் என்ற பண்ணுக்கும் இதற்கும் உறவு உண்டா என்ற கிளை விவாதம் சுவையானது. தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன்.)

> நைந்த துணி கண்ணுக்குத் தெரியும். நீங்கள் சொல்லும் அச்சு கடைசி வரை புதிதுபோல் இருக்குமே?

இந்த மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. உண்மைதான், துணி பரவலாக நைகிறது, உலோகத்தில் ஒரு மூலையில் தொடங்கிய விரிசல் யார் கண்ணிலும் படாமல் உள்ளே போகிறது. ஆனால் முறிந்த முகத்தைப் பாருங்கள். வகுப்புக்கென்று வைத்திருக்கும் தண்டுத் துண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அலை மணலில் விட்டுப்போன கோடுகள்போல வரிவரியாக வளைவுகள், முகத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். மிச்சம் மட்டும் கரடுமுரடாக ஒரே அடியில் பிய்ந்திருக்கிறது. அந்த வழவழப்பான பாதி நைந்தது, கரடான பாதி முறிந்தது. இரண்டையும் தொட்டுக் காட்டிச் சொல்ல எனக்கு நைவு போதும்.

இதுவரை களைப்புக்கு ஐந்து பேர், நைவுக்கு என்னோடு நான்கு, அயர்வுக்கு ஒருவர், ஃபெட்டீக்கையே எழுதிவிடலாம் என்று இருவர். பெரும்பான்மை என் பக்கம் இல்லை. ஆனாலும் படவில்லைகளில் நைவு என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் "களைப்பு என்றும் வழங்கும்" என்று ஒரு வரி இருக்கும். ஓய்வு பற்றி இந்த வருடமும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்து எழுதுகிறேன்.

அவசரமாக இன்னொன்று. விரிசல் பெரும்பாலும் தண்டில் வெட்டிய பள்ளத்தில், கூர்மூலையில்தான் தொடங்கும். அந்த நாட்ச்சுக்கு என்ன சொல்ல? வடு, வெட்டுவாய் இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். ஞாயிறு இரவுக்குள் வேண்டும்.