பழைய அம்பாசிடருக்கு 5டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊத்தலாமா?

கேள்வி: 1489 சிசி பெட்ரோல் வண்டி. ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 சரிவருமா? இன்ஜின் சூடானா ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுங்குது.

பதில்: வேண்டாம் சார். இந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின்ல டாப்பெட்டுக்கு (வால்வைத் தள்ளுற பாகம்) ரோலர் கிடையாது, கேம் (சுத்தும்போது அதைத் தூக்குற மேடு) நேரா உரசும். அங்கே தேய்மானத்தைத் தடுக்கிறது ஆயில்ல இருக்கிற ஜிங்க்-பாஸ்பரஸ் கலவைதான். எஸ்என், எஸ்பின்னு டின்ல போட்டிருக்கிற புதுத் தர 5டபிள்யூ-30ல பாஸ்பரஸ் 0.08 சதவீதம் தாண்டக் கூடாது; கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்துற கருவி) கெடாம இருக்க வெச்ச வரம்பு. அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு இல்லை. மினரல் 20டபிள்யூ-50 வாங்குங்க, டேட்டா ஷீட்ல பாஸ்பரஸ் 0.1 சதவீதம் கிட்ட இருக்கணும். 'எஸ்ஏ'ன்னு அச்சடிச்ச மலிவு டின்னைத் தொடவே தொடாதீங்க, அதுல அடிட்டிவே கிடையாது.

இன்னொரு பதில்: லைட் மினுங்குறதுக்கு கெட்டி ஆயில் மருந்தில்லை. அந்த லைட்டை எரிய வைக்கிற ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூட்டோட பிரஷர் பாருங்க. நல்லா காட்டினா ஸ்விட்ச் போச்சு. இறங்கினா பேரிங், ஆயில் பம்ப்னு தேடணும். அதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பாக்கிற கம்பி) மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற சவ்வு) கிழிஞ்சிருக்கலாம். பெட்ரோல் சம்புல (இன்ஜின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) இறங்கி ஆயில் நீர்த்துப்போகும்.

கேட்டவர்: வாடை இருக்கு. லெவலும் 'மேக்ஸ்' கோட்டுக்கு மேல.

பதில்: அப்போ வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. முதல்ல பம்ப், அப்புறம் ஆயிலும் ஃபில்டரும்.