எசென்ஷியல் ஆயில்: 'அத்தியாவசிய எண்ணெய்' வேண்டாம், வேறு சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம். தாவரவியல் பாடநூல் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பழைய வரைவில் எசென்ஷியல் ஆயிலுக்கு, அதாவது செடிகளிலிருந்து வடித்தெடுக்கும் மணமுள்ள எண்ணெய்க்கு, 'அத்தியாவசிய எண்ணெய்' என்று இருக்கிறது. வகுப்பில் வாசித்ததும் "ரேஷன் பாமாயிலா மிஸ்?" என்றார்கள். அங்கே எசென்ஷியல் என்பது 'சாரம்' என்ற பொருளில் வருகிறது, 'தேவை' என்ற பொருளில் அல்ல. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால், ஓம எண்ணெயில் உள்ள தைமால் என்ற வேதிப்பொருள்கள் பாக்டீரியாவின் செல்சவ்வைக் குலைத்து உள்ளிருக்கும் பொட்டாசியத்தை ஒழுகவிடுவது பற்றி இரண்டு பக்கம் வருகிறது, அதிலெல்லாம் பாமாயில் வாடை அடித்தால் எப்படி?

—

இருக்கவே இருக்கிறது தைலம். நீலகிரித் தைலம் தெரியாத பாட்டி உண்டா?

—

தைலம் வடசொல் ஐயா. திலம் என்றால் எள், அதிலிருந்து தைலம். நம்மிடம் 'விரை' இருக்கிறது, மணம் என்று பொருள். 'விரைநெய்' என்று வைக்கலாமே.

—

விரையா! வகுப்பு அடங்க ஒரு வாரம் ஆகும் ஐயா, பிள்ளைகளுக்குத் தெரிந்த விரை வேறு. அப்புறம், தைலத்தை எள் என்று தள்ளினீர்கள், சரி, எண்ணெய் மட்டும் என்ன? எள்+நெய். இரண்டும் ஒரே செக்கில் ஆடியவைதான்.

—

வேதியியல்காரனாக ஒரு வார்த்தை. காகிதத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய், பக்கத்தில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுப் பாருங்கள். தைலத்தின் கறை கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும், நல்லெண்ணெய்க் கறை அப்படியே கிடக்கும். சித்த மருத்துவத்தில் தைலம் பெரும்பாலும் மூலிகையை எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது, அது கறை விடும். ஓமத்தை வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் கலத்தில், வடித்தால் இறங்கும் தீநீரின் மேல் மிதக்கிறதே, நமக்கு வேண்டியது அது. 'ஆவியெண்ணெய்' அல்லது 'வடிநெய்' என்பேன்.

—

ஆவியெண்ணெய் மந்திரவாதி விற்பது போல இருக்கிறது. வடிநெய் என்றால் வெண்ணெய் உருக்கி வடித்தது என்றுதான் என் வீட்டில் நினைப்பார்கள்.

—

எல்லோருக்கும் நன்றி. 'நறுமண எண்ணெய்' என்றே போடுகிறேன், கடையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். நுண்ணுயிர் விஷயத்தில் 'கொல்லி' வேண்டாம், 'எதிர்ப்பி' போதும். அளவு குறைந்தால் வளர்ச்சியைத் தடுப்பதோடு சரி, கூடினால்தான் கொல்கிறது.

—

போடுங்கள் அம்மா, கெடு உங்களுடையது. ஆனால் பூண்டிலிருந்தும் பெருங்காயத்திலிருந்தும் இதே முறையில்தான் எண்ணெய் வடிக்கிறார்கள். அந்தப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு 'நறுமணம்' என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நான் வடிநெய்யிலேயே நிற்கிறேன்.